லீத் வாக் வார்டின் தேர்தல் வரலாற்றை அட்டவணையாக்குவது எப்படி?

எடின்பரோ நகர கவுன்சிலின் 12-ஆவது வார்டு லீத் வாக். நான்கு கவுன்சிலர்கள். ஸ்காட்லாந்து உள்ளாட்சித் தேர்தல் முடிவுகளைத் தொகுக்கப் பழகுபவர்களுக்கு இதைவிட நல்ல வார்டு கிடைப்பது கடினம். வரக்கூடிய சிக்கல்களில் பெரும்பாலானவை இந்த ஒரே வார்டில் இருக்கின்றன.

படி 1: 2007-இலிருந்து தொடங்குங்கள்

2004-இல் வந்த சட்டத்தின்படி, 2007 முதல் ஸ்காட்லாந்து கவுன்சில் தேர்தல்கள் விருப்ப வரிசை வாக்கு முறையில் (வாக்காளர் வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார்) நடக்கின்றன. அதற்கு முன் வார்டுக்கு ஒரே கவுன்சிலர். அதிக வாக்கு வாங்கியவர் வெற்றி. எடின்பரோவில் அப்படி இருந்த 58 சிறு வார்டுகள் 17 பெரிய வார்டுகளாயின. 2003 முடிவை 2007 முடிவுக்கு மேலே ஒட்டி "வளர்ச்சி", "சரிவு" என்று எழுதினால் அது வெறும் கற்பனை. பழைய முடிவுகள் வேண்டுமென்றால் தனித் தாளில் வையுங்கள்.

படி 2: வரிசைகளை நிரப்புங்கள்

பொதுத்தேர்தல்கள் நான்கு: 3 மே 2007, 3 மே 2012, 4 மே 2017, 5 மே 2022. இடைத்தேர்தல்கள் இரண்டு: 10 செப்டம்பர் 2015, 11 ஏப்ரல் 2019. ஒவ்வொன்றுக்கும் தேதி, நிரப்பிய இடங்கள், செல்லும் வாக்குகள், கோட்டா (தேர்வாக எட்ட வேண்டிய வாக்கு அளவு), வேட்பாளர், கட்சி, முதல் விருப்ப வாக்கு, எந்தச் சுற்றில் தேர்வானார் என்று எட்டுப் பத்திகள் போதும்.

2012-க்கும் 2017-க்கும் நடுவே தடித்த கோடு போடுங்கள். இடையில் வார்டு எல்லைகள் திருத்தப்பட்டன, எடின்பரோ கவுன்சிலர்கள் 58-லிருந்து 63 ஆனார்கள். 2015 இடைத்தேர்தல் கோட்டுக்கு அந்தப் பக்கம், 2019 இந்தப் பக்கம். வார்டின் பெயர் மாறாததால் பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

படி 3: கோட்டா (இங்கேதான் எல்லாரும் வழுக்குவார்கள்)

செல்லும் வாக்குகளை, இடங்களின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வரும் எண்ணால் வகுங்கள். பின்னத்தை விட்டுவிட்டு 1 சேருங்கள். நான்கு இடம், 10,000 வாக்கு என்றால் 10,000 ÷ 5 = 2,000; கோட்டா 2,001. கிட்டத்தட்ட 20 சதவீதம்.

இடைத்தேர்தலில் வழக்கமாக ஒரே இடம்தான். 6,000 வாக்கு என்றால் கோட்டா 3,001. ஆனால் 2015-இல் லீத் வாக்கில் ஒரே நாளில் இரண்டு இடங்களை நிரப்பினார்கள். எஸ்.என்.பி.யின் (ஸ்காட்லாந்து தேசியக் கட்சி) கவுன்சிலர் டெய்ட்ரி பிராக் அந்த மே மாதம் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குப் போனார். கிரீன்ஸ் கட்சியின் மேகி சாப்மனும் விலகினார். அதே 6,000 வாக்கு வந்திருந்தால் கோட்டா 6,000 ÷ 3 + 1, அதாவது 2,001. இடைத்தேர்தல் என்றாலே பாதி என்று சூத்திரத்தில் பூட்டி வைத்திருந்தால் அந்த வரிசை முழுக்கத் தப்பாகும். வகுக்கும் எண்ணைச் சூத்திரத்துக்குள் எழுதாமல், 'இடங்கள்' பத்தியிலிருந்து எடுக்கச் செய்யுங்கள்.

இந்தக் கணக்கு முடிவையும் விளக்குகிறது. 20 சதவீதத்தை எட்டினால் போதும் என்ற நிலையில் 2007, 2012 இரண்டிலும் கிரீன்ஸுக்கு ஓர் இடம் கிடைத்தது. மூன்றில் ஒரு பங்கு தேவைப்பட்ட 2015-இல் எஸ்.என்.பி. தன் இடத்தைக் காத்துக்கொண்டது. கிரீன்ஸின் இடம் லேபரிடம் போனது. வார்டில் லேபருக்கு மூன்று கவுன்சிலர்கள் ஆனார்கள். கிரீன்ஸ் மக்களிடம் செல்வாக்கு இழந்தது என்று இதை வைத்து மட்டும் எழுதக் கூடாது. 2017-இல் கோட்டா மறுபடி ஐந்தில் ஒன்றானது, கிரீன்ஸ் திரும்ப வந்தது.

படி 4: உபரி வாக்குகள்

ஒருவர் கோட்டாவைத் தாண்டினால், அவரது எல்லா வாக்குச்சீட்டுகளும் குறைந்த மதிப்பில் அடுத்த விருப்பத்துக்குப் போகும். உபரியை மொத்த வாக்கால் வகுத்தால் மதிப்பு. 2,650 வாங்கியவருக்குக் கோட்டா 2,001 என்றால் 649 ÷ 2,650 = 0.244905… ஐந்து தசம இடத்தோடு வெட்ட வேண்டும்: 0.24490. ரவுண்ட் போட்டால் 0.24491 வரும், 1,000 சீட்டுக்கு 0.01 வாக்கு வித்தியாசம், அதிகாரப்பூர்வச் சுற்று அறிக்கையோடு ஒத்துவராது. எனவே ரவுண்ட் (ROUND) வேண்டாம், மீதியை வெட்டும் டிரங்க் (TRUNC). அயர்லாந்து முறை பற்றிய விளக்கங்களைப் பார்த்துச் செய்யாதீர்கள். அங்கே கடைசியாக வந்த சீட்டுக்கட்டை மட்டும் பிரிப்பார்கள்.

கடைசியில் தேர்வாகிறவர் கோட்டாவைத் தொடாமலே வெல்லலாம். விருப்பம் தீர்ந்த சீட்டுகள் ஒதுங்கிவிடும், கோட்டாவோ குறையாது. உங்கள் கணக்கில் பிழை என்று தேடி நேரம் வீணாக்க வேண்டாம்.

பி.டி.எஃப். அறிக்கையிலிருந்து ஒட்டுவது தலைவலி. பி.எல்.டி. (.blt, சீட்டுகளின் விருப்ப வரிசையை எண்களாகத் தரும் உரைக் கோப்பு) கிடைத்தால் அதையே எடுங்கள். சாதாரண நோட்பேடில் திறக்கும். முதல் வரி '11 4' என்றால் 11 வேட்பாளர், 4 இடம். '37 3 1 5 0' என்றால், 3-ஆம் வேட்பாளருக்கு முதல் விருப்பம், 1-க்கு இரண்டாவது, 5-க்கு மூன்றாவது என்று குறித்த சீட்டுகள் 37. பூஜ்யம் வரியின் முடிவு. கணக்குக்கு எனக்கு லிப்ரே ஆபிஸ் கால்க் தான் பிடிக்கும், ஆனால் எக்செல்லும் போதும்.

படி 5: கட்சி வாக்கு

ஒரே கட்சியின் வேட்பாளர்களைக் கூட்டிய பிறகே சதவீதம் எடுங்கள். வாக்குச்சீட்டில் பெயர்கள் குடும்பப்பெயரின் அகர வரிசையில் வரும். ஒரே கட்சியில் இருவர் நின்றால் மேலே இருப்பவருக்கு முதல் விருப்பம் கூடுதலாக விழுவது வழக்கம். அதைத் தனிநபர் செல்வாக்கு என்று படிக்காதீர்கள்.

வாக்குப்பதிவு சதவீதத்தை ஒப்பிடும்போது 2007-க்கு ஒரு குறிப்பு எழுதுங்கள்: அன்றே ஸ்காட்லாந்து நாடாளுமன்றத் தேர்தலும் நடந்தது. 2017 முதல் 16 வயதினரும் வாக்காளர்.

சரிபார்க்க

நிரப்பி முடித்தால் இடங்கள் இப்படி வர வேண்டும். 2007: லேபர், எஸ்.என்.பி., லிபரல் டெமாக்ரட், கிரீன்ஸ் தலா 1. 2012: லேபர் 2, எஸ்.என்.பி. 1, கிரீன்ஸ் 1. 2017: எஸ்.என்.பி. 2, கிரீன்ஸ் 1, லேபர் 1. 2019 இடைத்தேர்தல்: எஸ்.என்.பி.யின் ராப் மன். 2022: 2007-இல் இருந்த அதே நான்கு கட்சிகள், தலா 1.

பின்சேர்க்கை: நடுவில் கட்சி மாறியவரை எந்தக் கட்சியில் போடுவது என்று கேட்கிறார்கள். தேர்தல் நாளன்று வாக்குச்சீட்டில் இருந்த கட்சியையே எழுதுங்கள். மாற்றத்துக்குத் தனிப் பத்தியில் தேதி போடுங்கள்.