ஸ்கேனில் குறை தெரிந்த பிறகு வீட்டார் செய்யக்கூடியவை

ஐந்தாம் மாத ஸ்கேன் முடிந்து வெளியே வரும் மகளோ மருமகளோ செருப்பை மாட்டுவதற்குள், "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று வராந்தாவிலேயே வைத்துக் கேட்காதீர்கள். மதுரை மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில் நெடுங்காலம் செவிலியராக இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: முடிவும் துக்கமும் அந்தக் கணவன் மனைவிக்கு உரியவை, நாம் வாங்கிக்கொள்ளக்கூடியது அலைச்சலையும், ஊராருக்குப் பதில் சொல்லும் வேலையையும்தான்.

முதலில் மருத்துவர் சொன்னதை இருவருமாகச் சேர்ந்து கேட்கும்படி பாருங்கள். தெரிந்தது என்ன, அது உறுதியா சந்தேகமா, உறுதி செய்ய என்ன பரிசோதனை, முடிவு வர எத்தனை நாள் என்ற நான்கு கேள்விகளையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புங்கள். மூன்றாம் மாதத்தில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை, டவுன் குறைபாடு போன்ற குரோமோசோம் குறைகளுக்கான வாய்ப்பை மட்டுமே கணிக்கிறது. 250இல் 1 என்று வந்தால், அப்படிப்பட்ட 250 பேரில் 249 பேருக்கு அந்தக் குறை இருக்காது என்று பொருள். 15 வாரத்துக்குப் பிறகு பனிக்குட நீரை எடுத்துச் சோதித்தால் குரோமோசோம் குறை உண்டா இல்லையா என்பது உறுதியாகும். உதட்டுப் பிளவு, சில இதயக் கோளாறுகள் போன்றவை பிறந்தபின் அறுவை சிகிச்சையால் சரிசெய்யக்கூடியவை என்பதால், முடிவெடுப்பதற்கு முன் குழந்தைகள் அறுவை சிகிச்சை நிபுணரையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

"ஊருக்குப் போய்ப் பெரியவங்களக் கேட்டுட்டு வர்றோம்" என்று கிளம்புபவர்கள் நாள் கணக்கையும் மனத்தில் வைக்க வேண்டும். 2021இல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டப்படி, கருவைக் கலைக்க 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்தும், அதற்கு மேல் 24 வாரம் வரை இரு மருத்துவர்களின் கருத்தும் தேவை. 24 வாரத்தைத் தாண்டினால், குழந்தைக்குக் கடுமையான குறை இருப்பதாக மருத்துவக் குழு சொன்னால் கருவைக் கலைக்க முடியும். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் ஒன்றே போதும். கணவரின் கையெழுத்தோ மாமியாரின் கையெழுத்தோ சட்டத்துக்குத் தேவையில்லை. கர்ப்பத்தைத் தொடர்வதாக அவள் சொன்னால், அதற்கும் அதே மரியாதையைக் கொடுங்கள்.

குழந்தை தங்காமல் போனால், பிள்ளை பெற்றவர்களின் கட்டில்களுக்கு நடுவில் அவளைப் போடாமல் தள்ளி ஒரு கட்டில் தரும்படி வார்டு செவிலியரிடம் கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் முடியும், யாரும் கேட்பதில்லை. குழந்தையை அவள் பார்க்கலாமா கூடாதா என்பதை நீங்கள் தீர்மானிக்காதீர்கள். காலையில் வேண்டாம் என்றவள் சாயங்காலம் பார்க்கிறேன் என்பதும் உண்டு. நம் பக்கத்தில் ஆண்களே கொண்டுபோய் அடக்கம் செய்துவிட்டு, இடத்தைக்கூடத் தாயிடம் சொல்வதில்லை. உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவர் மட்டும், கையில் ஒட்டிய மண்ணோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்து, "கெணத்து மேட்டு வேம்புக்குக் கெழக்க வச்சிருக்கேன்" என்று மனைவியிடம் சொன்னார். அதுவரை சுவரைப் பார்த்தே படுத்திருந்தவள் அவர் பக்கம் திரும்பினாள்.

தாயின் ரத்தம் நெகட்டிவ் வகை என்றால், பிரசவமோ கலைவோ ஆன 72 மணி நேரத்துக்குள், அடுத்த குழந்தைக்குப் பாதிப்பு வராமல் காக்கும் ஆன்டி-டி ஊசி போடப்பட்டதா என்று கேட்டுவிடுங்கள். இரண்டு மூன்று நாளில் பால் கட்டும் என்பதை அவளிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பிள்ளை இல்லாமல் பால் மட்டும் வரும்போது பல பெண்கள் அப்போதுதான் முதன்முதலாக வாய்விட்டு அழுகிறார்கள். மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம் ஊர் வழக்கம். பால் வற்ற மருத்துவரிடம் மாத்திரையும் உண்டு. அடிக்கடி பீய்ச்சி எடுத்தால் மேலும் சுரக்கும். காய்ச்சலோ சிவப்போ கண்டால் தாமதிக்காமல் காட்டுங்கள்.

வளைகாப்புக்கு வாங்கிய வளையல்களையும் துணிகளையும், அவள் வீடு திரும்புவதற்குள் ஒளித்து வைத்துவிடாதீர்கள். அவளிடம் கேட்டுச் செய்யுங்கள். கிராம சுகாதார செவிலியருக்கு நீங்களே தகவல் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் தடுப்பூசிக்கும் பிரசவத் தேதிக்கும் அவளுக்கே போன் வரும். அவள் வேலை பார்ப்பவளாக இருந்தால், கருக்கலைவுக்குச் சட்டம் தரும் 6 வார ஊதிய விடுப்பைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். விசாரிக்க வருபவர்களுக்கு வாசலிலேயே பதில் சொல்ல வீட்டில் ஒருவர் இருக்கட்டும். "சொந்தத்துல கட்டுனதாலதான்" என்பார்கள். நெருங்கிய உறவுத் திருமணம் சில பரம்பரை நோய்களின் வாய்ப்பைக் கூட்டுவது உண்மைதான், ஆனால் டவுன் குறைபாட்டுக்கு அது காரணமில்லை. எது காரணம் என்பதை மரபியல் ஆலோசகர் சொல்லட்டும், பந்திக்கு வந்தவர் சொல்ல வேண்டாம். "அடுத்தது தங்கும்" என்ற ஆறுதலையும் தவிர்க்கலாம். தண்டுவடக் குறையால் இழந்தவர்கள், அடுத்த கர்ப்பத்துக்கு முன்பே கூடுதல் அளவு ஃபோலிக் அமிலம் பற்றி மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கணவரை யாரும் விசாரிப்பதில்லை. அவரையும் டீக்கடை வரை கூட்டிக்கொண்டு போங்கள். இருவரில் எவராவது வாரக்கணக்கில் உறங்காமலோ உண்ணாமலோ இருந்தாலும், சாவைப் பற்றிப் பேசினாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ அழைத்துக் கொடுங்கள். பிரசவத்துக்குக் குறித்திருந்த தேதியைக் காலண்டரில் உங்களுக்கு மட்டும் தெரியும்படி ஒரு புள்ளி வைத்துக்கொண்டு, அன்றைக்கு வேறு வேலை வைத்துக்கொள்ளாமல் அவள் வீட்டுக்குப் போய், ஒருவேளைச் சமையலை நீங்கள் பாருங்கள்.