நூறு ஆக்டேனும் நம்ம ஊர் ஸ்ப்ளெண்டரும்

போன மாதம் கும்பகோணம் பக்கம் ஒரு பங்க்கில் எனக்கு முன்னால் நின்ற பையன், பளபளவென்று தேய்த்து வைத்திருந்த பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்குக்கு பிரீமியம் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். "சென்னைன்னா நூறு ஆக்டேனே கிடைக்கும்ண்ணே, இங்க 95தான்" என்று வருத்தம் வேறு. அந்த வண்டிக்கு அது தேவையே இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள், விட்டுவிட்டேன்.

ஆக்டேன் எண்ணைப் பெட்ரோலின் சத்து என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவை பெரும்பாலும் இதிலிருந்து முளைப்பவை. எஞ்சினுக்குள் பிஸ்டன் மேலேறி, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையை அழுத்துகிறது. அழுத்த அழுத்தச் சூடேறும். பிளக்கில் பொறி பட்டுச் சீராக எரிய வேண்டிய கலவை, சூடு தாங்காமல் ஒரு மூலையில் தானாகவே வெடித்தால் 'கிணிங் கிணிங்' என்று சத்தம் வரும். இதைத்தான் நாக்கிங் என்கிறோம். அப்படி வெடிக்காமல் எவ்வளவு தூரம் தாக்குப்பிடிக்கும் என்பதன் அளவே ஆக்டேன். 91-ஐவிட 95-இல் கூடுதல் பலம் ஒன்றும் ஒளிந்திருக்கவில்லை.

ஆகவே பார்க்க வேண்டியது, உங்கள் எஞ்சின் எவ்வளவு அழுத்துகிறது என்பதை. வண்டியோடு வந்த புத்தகத்தில் கம்ப்ரஷன் ரேஷியோ, அதாவது கலவையை எத்தனை மடங்கு அழுத்துகிறது, என்று போட்டிருக்கும். ஆர்.எக்ஸ். 100-க்கு அது 7-ஐக்கூடத் தொடாது. ஸ்ப்ளெண்டர் மாதிரி வண்டிகளுக்கு 10 வாக்கில். கே.டி.எம். 390 டியூக்குக்கு 12-க்கு மேல். பி.எஸ். 6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படியே சாதா பெட்ரோல் குறைந்தது 91 ஆக்டேன். பெட்ரோலில் கலக்கும் எத்தனால் என்ற ஆல்கஹாலுக்கு இயல்பிலேயே ஆக்டேன் அதிகம். 20 சதவீதம் அது கலந்தபின் சாதா பெட்ரோலே 95-ஐ ஒட்டி நிற்கிறது என்று பெட்ரோலிய அமைச்சகமே சொல்லியிருக்கிறது. புத்தகத்தில் 95 என்று கேட்டிருந்தால் கஞ்சத்தனம் பார்க்காமல் போடுங்கள். கேட்காத வண்டிக்கு எதற்கு?

நானும் ஒரு ஆறு மாதம் ஸ்ப்ளெண்டருக்கு லிட்டருக்கு ஏழெட்டு ரூபாய் கூடக் கொடுத்துப் போட்டவன்தான். பிக்கப் ஏறிய மாதிரியே இருந்தது. அப்புறம் ஃபுல் டேங்க் போட்டு, ஓட்டி, மறுபடி ஃபுல் டேங்க் போட்டுக் கணக்குப் பார்த்தேன். ஒரு வித்தியாசமும் இல்லை.

நாக்கிங் சத்தம் கேட்டதுமே பெட்ரோலை மாற்றுவது அடுத்த தவறு. டெல்டாவில் மலையா இருக்கிறது? மேடு என்றால் ஆற்றுப்பாலம்தான். வெண்ணாற்றுப் பாலத்தில் பின்னால் இரண்டு யூரியா மூட்டையை வைத்துக்கொண்டு டாப் கியரிலேயே ஏற்றினால் எந்த எஞ்சினும் முனகும். எங்கள் மெக்கானிக் சொன்னார்: "பெட்ரோல மாத்தாத தம்பி, கியர மாத்து." அதற்கும் கேட்காவிட்டால் ஆயில் அளவு, பிளக், உள்ளே படிந்த கரி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். மண்ணெண்ணெய் கலந்த பெட்ரோலும் காரணமாக இருக்கலாம். சந்தேகமிருந்தால் பங்க்கிலேயே ஃபில்டர் பேப்பர் கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒரு சொட்டு விட்டால் கறை இல்லாமல் காய வேண்டும்.

மைலேஜ் குறைகிறதே என்று சிலர் 95-க்குப் போகிறார்கள். எத்தனாலில் எரிசக்தி பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, அதனால் மைலேஜ் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். 10 சதவீதக் கலப்புக்கு ஏற்ப அமைத்த இருசக்கர வண்டிகளில் 3 முதல் 4 சதவீதம் இறங்கும் என்பது நிதி ஆயோக்கின் 2021 கணிப்பு. அறுபது கொடுத்த வண்டி ஐம்பத்தெட்டு கொடுக்கும், அவ்வளவுதான். 95-க்கு மாறி இதைச் சரிக்கட்ட முடியாது, அதிலும் எத்தனால் உண்டு. பழைய வண்டிக்காரர்கள் அந்தக் காசில் பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டர் வாஷரையும் மாற்றிக்கொள்ளலாம். எத்தனால் பழைய ரப்பரைத்தான் முதலில் பதம் பார்க்கும்.

என்னைக் கேட்டால், இந்தப் பக்கத்தில் ஆக்டேனைவிடப் பெரிய எதிரி தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் கரைத்துக்கொண்டு எஞ்சினுக்கே அனுப்பிவிடும், தெரியாது. அளவு மீறினால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகச் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து டேங்க் அடியில் தங்கிவிடும். கார்புரேட்டர் இல்லாத எஃப்.ஐ. (ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன்) வண்டியில் பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். மேலே நிற்கும் பெட்ரோலோ எத்தனாலை இழந்து ஆக்டேனிலும் இறங்கிவிடும். அதன் தலையில் பிரீமியம் ஊற்றிப் பயனில்லை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வண்டியைத் திறந்த வெளியில் விடாதீர்கள், டேங்க் மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மாற்றுங்கள். வெள்ளத்தில் முங்கிய வண்டியை ஆசைக்குக்கூட ஸ்டார்ட் செய்து பார்க்கக் கூடாது. டேங்க்கை முழுக்க வடித்த பிறகுதான் மற்றதெல்லாம்.

துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போன அண்ணன் வண்டி திண்ணையோரம் கால் டேங்க்கோடு வருடக்கணக்கில் நிற்கிறதா? காலி இடத்தில் ஈரம் கோத்துத் துரு பிடிக்கும், பழைய பெட்ரோல் பிசினாகி, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட்டை அடைக்கும். நல்ல பெட்ரோலாகப் போட்டு வைத்தால் கெடாது என்பதெல்லாம் கதை. கார்புரேட்டர் வண்டியென்றால் பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் நிற்பதை வடித்துவிடுங்கள்.

வயல்காட்டுத் தவறு ஒன்றும் இருக்கிறது. மருந்தடிக்கும் பவர் ஸ்பிரேயருக்கு 2டி ஆயில் (ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலந்து வைத்த பெட்ரோல் கேனில் மிஞ்சும். வீணாக்குவானேன் என்று அதை பைக்கில் ஊற்றுவார்கள். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் அது புகையாகவும் பிளக்கில் கரியாகவும்தான் வெளிப்படும். 2015-இல் வந்த டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ம் நாலு ஸ்ட்ரோக்தான், ஆனால் பழைய ரெண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். சூப்பர் ஓட்டிய கை இன்னமும் டேங்க்கில் ஆயில் ஊற்றப் போகிறது.

உண்மையில் 2டி ஆயில் வேண்டியது பங்க்கில் பார்த்த அந்தப் பையனின் ஆர்.எக்ஸுக்குத்தான், அது ரெண்டு ஸ்ட்ரோக். அதற்குத் தனி ஆயில் டேங்க் உண்டு. அது காய்ந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், பெட்ரோல் எத்தனை ஆக்டேனாக இருந்தாலும். அவன் பெட்ரோல் போட்டுவிட்டுக் கிளம்பிய வேகத்தில் அதைப் பார்த்தானா என்று தெரியவில்லை.