கடை வைஃபையைக் கொடுக்கும் முன்

வாடிக்கையாளர் வைஃபை பாஸ்வேர்டு கேட்டால் இல்லை என்று சொல்ல மனம் வராது. சரி, கொடுங்கள், ஆனால் பில் போடும் கம்ப்யூட்டரும் சிசிடிவி பெட்டியும் இருக்கும் அதே நெட்வொர்க்கில் வேண்டாம். இப்போதைய ரூட்டர்கள் பெரும்பாலானவற்றில் ‘கெஸ்ட் நெட்வொர்க்’, அதாவது விருந்தினருக்கென்று தனி வைஃபை, வசதி இருக்கிறது. ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கத்தைத் திறக்க, பிரவுசரில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று அடித்துப் பாருங்கள். திறக்காவிட்டால் ரூட்டரின் அடியில் உள்ள ஸ்டிக்கரில் முகவரி இருக்கும். கெஸ்ட்டை இயக்கி, தனிப் பெயரும் தனி பாஸ்வேர்டும் கொடுங்கள். உள் நெட்வொர்க்கைப் பார்க்க அனுமதிக்கும் டிக் இருந்தால் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதை விட்டுவிட்டால் பிரித்தும் பலனில்லை.

உள்ளே போனதே போனீர்கள், ரூட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, இந்தச் செட்டிங்ஸ் பக்கத்துக்குள் நுழைவதற்கான இது வேறு; பலர் இதைத் தொடுவதே இல்லை. சிசிடிவி பெட்டிக்கும் அப்படியே. 2016-ல் மிராய் என்ற தீநிரல் (வைரஸ் போன்ற கெட்ட புரோகிராம்) லட்சக்கணக்கான கேமராக்களையும் ரூட்டர்களையும் வளைத்தது, கம்பெனியிலிருந்து வந்தபடியே மாற்றாமல் விட்ட பாஸ்வேர்டுகளை வைத்துத்தான்.

அப்புறம் ஒரு சோதனை: போனில் மொபைல் டேட்டாவை அணைத்து, கெஸ்ட்டில் இணைத்து, சிசிடிவி பெட்டியின் ஐபி முகவரியை (நெட்வொர்க்கில் அதற்குரிய எண், மேலே ரூட்டருக்கு அடித்தது போன்றது) பிரவுசரில் அடியுங்கள். பக்கம் திறந்தால் அந்த டிக் இன்னும் போகவில்லை.