வசந்தத்தில் பாலைவனப் பயணம்: பூக்களைப் பார்த்தபடி மெல்ல நடக்க ஒரு திட்டம்

பாலைவனம் என்றதும் கொதிக்கும் மணலும் நீண்ட நடையும் நினைவுக்கு வந்து பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். தெற்கு கலிபோர்னியாவின் பாலைநிலங்களுக்கு மார்ச் மாதத்தில் போய்ப் பாருங்கள். மலையேறிப் பழக்கமில்லாதவர்களும், முழங்கால் வலியுள்ள பெரியவர்களும், சின்னக் குழந்தைகளும் சுகமாக நடக்கலாம். மழை கைகொடுத்த ஆண்டாக இருந்தால், மணல்வெளி ஊதாவும் மஞ்சளுமாகப் பூத்துக் கிடக்கும்.

முதன்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம் அன்சா-பொரேகோ பாலைவன மாநிலப் பூங்கா. சான் டியாகோவிலிருந்து காரில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். ஆறு லட்சம் ஏக்கருக்கு மேல் பரந்த இந்தப் பூங்காவின் நடுவே பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற சிற்றூர் இருக்கிறது. தங்கவும் சாப்பிடவும் வெகுதூரம் அலைய வேண்டியதில்லை.

படி 1: தேதிக்கு முன் மழையைப் பாருங்கள்

பயணத் திட்டம் முந்தைய இலையுதிர்காலத்திலேயே தொடங்கிவிடுகிறது. பாலைவனத்து ஓராண்டுச் செடிகளின் விதைகள் மண்ணுக்குள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். அவற்றில் பலவற்றின் மேலுறையில் முளைப்பைத் தடுக்கும் வேதிப்பொருள் இருக்கிறது. லேசான தூறலுக்கு அது கரையாது. ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் அளவுக்கு நல்ல மழை பெய்து கழுவினால்தான் விதை கண்விழிக்கும். அதோடு முடிந்துவிடுவதுமில்லை. குளிர்காலம் முழுவதும் விட்டுவிட்டு மழை வேண்டும். பிப்ரவரியில் திடீர் வெப்பமோ வறண்ட காற்றோ வந்தால் நாற்றுகள் கருகிவிடும். இத்தனையும் கூடிவந்த 2017, 2019 போன்ற ஆண்டுகளில்தான் இங்கே மண் தெரியாத அளவுக்குப் பூத்தது. எல்லா ஆண்டும் அப்படி எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

படி 2: தேதியை இளக்கமாக வையுங்கள்

தாழ்வான பகுதிகளில் பிப்ரவரி பிற்பாதி முதல் மார்ச் இறுதி வரை பூக்காலம். எந்த வாரம் உச்சம் என்று முன்கூட்டியே யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. அதனால், ரத்து செய்ய அனுமதிக்கும் அறையாகப் பார்த்து முன்பதிவு செய்யுங்கள். தியோடர் பெய்ன் அறக்கட்டளை மார்ச் முதல் மே வரை வாராவாரம் காட்டுப்பூ நிலவரம் வெளியிடுகிறது. பூங்காவின் பார்வையாளர் மையமும் சொல்லும். சமூக ஊடகப் படங்களை நம்பிக் கிளம்பாதீர்கள். பல படங்கள் பழைய ஆண்டுகளில் எடுத்தவையாக இருக்கும்.

முடிந்தால் வாரநாளில் போங்கள். சில ஆயிரம் பேர் மட்டும் வசிக்கும் ஊர் அது. பூ நன்றாக இருக்கும் சனி, ஞாயிறுகளில் சாலையும் உணவகமும் திணறிப்போகும்.

படி 3: உயரத்தைப் பின்தொடருங்கள்

இதை மட்டும் மறக்காதீர்கள். பூக்காலம் பள்ளத்தில் தொடங்கி, வெயில் ஏற ஏற மலைமேல் நகர்கிறது. மார்ச் தொடக்கத்தில் பள்ளத்தாக்கின் மணல்வெளி என்றால், ஏப்ரலில் அதைவிட உயரமான ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்கா. கீழே வாடிவிட்டது என்று கேள்விப்பட்டால் பயணத்தைக் கைவிட வேண்டாம். சில நூறு மீட்டர் மேலே போனால் போதும்.

படி 4: நடையைத் தேர்ந்தெடுங்கள்

பொரேகோ ஸ்பிரிங்ஸின் வடக்கே ஹெண்டர்சன் கேன்யன் சாலை. நடக்க முடியாதவர்களும் காரில் இருந்தபடியே பூக்களைப் பார்க்கக்கூடிய சமதளம். தரையோடு படர்ந்த ஊதாப் பூங்கொத்துகள் மணல் வெர்பினா. குனிந்து பாருங்கள்: பிசுபிசுப்பான இலைகளில் மணல்துகள்கள் சர்க்கரை தூவியதுபோல ஒட்டியிருக்கும், பூவில் இனிய மணம் இருக்கும். இடையிடையே பெரிய வெள்ளைப் பூக்களோடு நிற்பது ஈவினிங் பிரிம்ரோஸ். மஞ்சள் விரிப்பு பாலைச் சூரியகாந்தி. இன்னும் பொறுமை இருந்தால் தரையில் குப்புறப் படுத்தால் மட்டுமே கண்ணில் படும் பொடிப் பூக்களும் இருக்கின்றன. எனக்கு அவற்றின்மேல்தான் ஆசை அதிகம்.

கொஞ்சம் நடக்க விரும்புகிறவர்களுக்குப் பொரேகோ பாம் கேன்யன் பாதை. போய்வர ஏறக்குறைய 5 கிலோமீட்டர். விசிறிப்பனைத் தோப்பில் முடியும். 2020 ஜனவரியில் தீப்பிடித்து மரங்கள் கருகின. அந்தத் தடம் இன்னும் தெரியும். பாதையில் கற்கள் உண்டு, ஆகவே பிடிப்புள்ள காலணி வேண்டும். களைப்பாக இருந்தால் பாதியில் திரும்புங்கள். பூக்கள் பெரும்பாலும் முதல் பாதியிலேயே இருக்கும்.

ஜோஷுவா ட்ரீக்குப் போனால் ஹிடன் வேலி சுற்றுப்பாதை, சுமார் ஒன்றரை கிலோமீட்டர்.

படி 5: பையில் என்ன?

ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர் தண்ணீர், காரில் அதற்கு மேலும். அகன்ற தொப்பி. காலையில் குளிரும் என்பதால் ஒரு மேலாடை. கைபேசி சிக்னல் பல இடங்களில் கிடைக்காது; வரைபடத்தை முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சீப்பு. ‘டெடி பேர்’ என்று அழைக்கப்படும் கள்ளி பார்க்கப் பஞ்சுபோல இருக்கும். லேசாக உரசினாலும் ஒரு துண்டு கழன்று தோலில் தைத்துக்கொள்ளும். கையால் பிடுங்கினால் விரலிலும் ஏறும். சீப்பின் பற்களைத் துண்டுக்கும் தோலுக்கும் நடுவே நுழைத்து, ஒரே வீச்சில் உங்களைவிட்டு வெளிப்பக்கமாகத் தள்ளிவிடுங்கள்.

படி 6: நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்

காலை ஏழு மணிக்கே நடையைத் தொடங்கிவிடுங்கள். ஈவினிங் பிரிம்ரோஸ் மாலையில் மலர்ந்து மறுநாள் வெயில் ஏறியதும் வாடத் தொடங்கும். பத்து மணிக்கு வருகிறவர்களுக்கு அதன் முழு அழகு கிடைக்காது. நடுப்பகலில் பார்வையாளர் மையம், சாப்பாடு, ஓய்வு. மாலை நான்குக்குப் பிறகு சின்ன உலா.

சாலையில் மெதுவாகப் போங்கள். நல்ல பூக்காலத்தில் ஸ்ஃபிங்ஸ் அந்துப்பூச்சியின் தடித்த புழுக்கள் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே திரும்பும் ஸ்வெயின்சன் பருந்துகள் இந்தப் புழுக்களைத் தின்னவே இங்கே இறங்குகின்றன.

படி 7: எங்கே கால் வைக்கிறீர்கள்?

பூப் பறிக்கக் கூடாது என்பது சட்டம். மிதிப்பது அதைவிடப் பெரிய சேதம். இந்தச் செடிகள் விதை உதிர்த்தால்தான் வரும் ஆண்டுகளுக்குப் பூ; ஒரு புகைப்படத்துக்காக நடுவில் போய் உட்கார்ந்தால் அந்த விதைகள் உருவாகாமலே போய்விடும். 2019-இல் தெற்கு கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் ஊர் அருகே வாக்கர் கேன்யனில் கூட்டம் புகுந்து பாப்பிப் பூக்களை நசுக்கியது. 2023-இல் பூத்தபோது அந்த இடத்தையே மூடிவிட்டார்கள். பாதையிலோ வெறும் மணலிலோ நின்று, கேமராவைத் தாழ்த்திப் பிடியுங்கள். அப்போதே படத்தில் பூக்கள் அடர்ந்து தெரியும். பாம்புகளும் வசந்தத்தில் வெளியே வரும் என்பதால் புதருக்குள் கைவிடாதீர்கள்.

மழை பொய்த்த ஆண்டில்?

அப்போதும் போகலாம். பல புதர்களும் கள்ளிகளும் அந்த ஆண்டு மழையை அவ்வளவாக எதிர்பார்ப்பதில்லை. ஒகோட்டியோ என்ற முள்குச்சிச் செடி நுனியில் செந்நிறப் பூக்களை ஏந்தி நிற்கும். தேன்சிட்டு அளவேயான ஹம்மிங் பறவைகள் அதைத் தேடி வரும். பீவர்டெய்ல் கள்ளியின் அடர் இளஞ்சிவப்புப் பூவைத் தேட மார்ச் கடைசி வாரத்தையோ ஏப்ரல் தொடக்கத்தையோ தேர்ந்தெடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் பார்வையாளர் மையத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு: எந்தச் சாலையில் இப்போது பூத்திருக்கிறது என்று கேளுங்கள், சொல்வார்கள்.