மழை விட்ட இரவில் தவளை பார்க்கப் போவது எப்படி?

நான் விலங்கியல் படித்த காலத்தில் தவளை என்றால் மெழுகுத் தட்டில் மல்லாத்தி, நான்கு காலிலும் குண்டூசி குத்தி வைத்த ஒன்று. அதன் இதயத்தில் மூன்று அறைகள் என்று எனக்குத் தெரியும். அது எப்படிக் கத்தும் என்று தெரியாது. 2011-இல் பல்கலைக்கழக மானியக் குழு, விலங்கியல் வகுப்புகளில் அறுத்துப் பார்ப்பதைப் படிப்படியாக நிறுத்தச் சொன்னது. மனதார வரவேற்ற முடிவு. ஆனால் அறுப்பதை நிறுத்திய பல இடங்களில் அதற்குப் பதிலாக எதுவும் வரவில்லை. இன்றைய மாணவர்களில் பலர் ஒரு உயிருள்ள தவளையின் முன்னால் ஐந்து நிமிடம் உட்காராமலே பட்டம் வாங்கிவிடுகிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம்.

இதைச் சரிசெய்யப் பணம் தேவையில்லை. ஒரு குட்டை, ஒரு நல்ல மழை, ஆறேழு பேர் போதும். செங்கல்பட்டுப் பக்கத்து ஏரிக்கரைகளிலும் எங்கள் வளாகத்திலும் மாணவர்களோடு நடந்து நடந்து நான் கற்றுக்கொண்ட முறையைக் கீழே சொல்கிறேன். ஒரே ஒரு வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் காது, அப்புறம் கண், கடைசியில்தான் கை.

1. நாள் பார்ப்பது

வறண்ட நிலத்தில் பெய்யும் முதல் பெருமழைதான் நல்ல நாள். ஆடி, ஆவணியில் இடியோடு பெய்யும் மாலை மழையும் சரி, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும் வாரமும் சரி. சில தவளைகள் ஆண்டு முழுவதும் கண்ணில் படும். பெரிய இந்தியப் பெருந்தவளை அப்படியில்லை. மழை கொட்டியவுடன் ஓரிரு இரவுகள் கூட்டமாக வந்து, இணைசேர்ந்து, முட்டையிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் ஆண் தவளை எலுமிச்சை மஞ்சளாக மாறி, தொண்டையின் இரண்டு பக்கமும் நீலப் பைகளை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். மாணவர்கள் பிளாஸ்டிக் பொம்மை என்றே நினைத்துவிடுவார்கள். "அடுத்த சனிக்கிழமை போகலாம்" என்று தள்ளிப் போட்டால் இதைத் தவறவிடுவீர்கள். மழை பெய்த அன்றைக்கே கிளம்பத் தயாராக இருங்கள்.

இருட்டிய பிறகு 7 மணி முதல் 9 மணி வரை போதும்.

2. கிளம்பும் முன்

கல்லூரி முதல்வரிடம் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். பார்ப்பது, கேட்பது, படம் எடுப்பது மட்டும் என்றால் வளாகத்துக்குள் அதுவே போதும். பிடித்து அளக்கப் போகிறீர்கள் என்றால், கல்லூரி வழியாக வனத்துறைக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி பெறுங்கள். அது கைக்கு வரும் வரை காதும் கண்ணும் கேமராவும்தான். பாம்பைப் பிடிப்பது பற்றி யோசிக்கவே வேண்டாம். நாகம், கண்ணாடி விரியன் மட்டுமல்ல, நஞ்சே இல்லாத சாரையும் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது.

எடுத்துப்போக வேண்டியவை: ஆளுக்கொரு டார்ச், முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், பென்சில், நோட்டு, ஒரு வெப்பமானி. மழையில் பேனா மை கரையும், பென்சில் கரையாது. டார்ச்சின் முகப்பில் சிவப்பு ஜெலட்டின் தாள் ஒட்டினால் தவளைகள் அவ்வளவாக மிரளாது.

பூட்ஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தவளை இருக்கும் இடத்துக்குப் பாம்பும் வரும். கட்டுவிரியன் இரவில் நடமாடுவது. அதன் கடியில் வலியே தெரியாமல் போகலாம். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கிறார்கள் என்று 2020-இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது. ஆகவே விஷமுறிவு மருந்து இருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்று பகலிலேயே விசாரித்து வையுங்கள். கடி பட்டுவிட்டால் மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கை காலை அசையாமல் கட்டை வைத்துக் கட்டி, 108-ஐ அழையுங்கள். இறுக்கிக் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது. வழியில் பாம்பைப் பார்த்தால் எல்லோரும் நின்றுவிடுங்கள். வெளிச்சத்தை அதன் மேலேயே வைத்து, அது போகும் வரை காத்திருங்கள். அதுவும் ஒரு பாடம்தான்.

3. காது

குட்டையை நெருங்கியதும் தவளைகள் சட்டென்று அடங்கிவிடும். அப்போது புதியவர்கள், "ஒன்றுமே இல்லையே சார்" என்று திரும்பப் பார்ப்பார்கள். டார்ச்சுகளை அணைத்துவிட்டு உட்காருங்கள். இரண்டு, மூன்று நிமிடத்தில் ஒன்று தொடங்கும், அப்புறம் எல்லாம் தொடங்கிவிடும். மண்ணுக்குள் கிடந்தால் யார் கண்ணிலும் படாத உயிர், கத்தினால்தான் தெரியவரும். "நுணலும் தன் வாயால் கெடும்" என்று நம் பழமொழி சொல்வதும் மணலுக்குள் கிடக்கும் தவளையைத்தான். இந்தப் பழமொழியைச் சொன்னவர் இப்படி ஒரு இரவில் காது கொடுத்து உட்கார்ந்திருக்க வேண்டும்.

தொடங்கியதிலிருந்து சரியாக ஐந்து நிமிடம் கேளுங்கள். முதலில் எத்தனை விதமான குரல் என்று மட்டும் பிரியுங்கள். பெயர் பிறகு வரட்டும். சமவெளியில் அடிக்கடி கேட்பவை இவை.

நீளமாக, விடாமல் "கிர்ர்ர்ர்ர்" என்று இழுத்தால் சொறித்தவளை. சீப்பின் பற்களில் நகத்தை அழுத்தி இழுத்த மாதிரி கரகரவென்று வந்தால் குறுவாய்த் தவளை. சத்தத்தைக் கேட்டு நீங்கள் கையளவு தவளையைத் தேடுவீர்கள், அது கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். சுவரிலிருந்தோ மரத்திலிருந்தோ கட்டையைத் தட்டுவது போல "டக்… டக்டக்" என்று வந்தால் மரத்தவளை. தண்ணீருக்குள்ளிருந்து படபடவென்று பேசிக்கொண்டே இருப்பது தாவும் தவளை. கிட்டே போனால் நீரின் மேலேயே தத்தித் தத்தி ஓடும்.

பெயர் விஷயத்தில் ஒரு குழப்பம் வரும். பாடப்புத்தகத்தில் தேரை என்பது சொறித்தவளை. எங்கள் ஊரில் வீட்டுக்குள் வந்து சுவரில் ஒட்டும் மரத்தவளையைத்தான் தேரை என்பார்கள். பருப்பில்லாத தேங்காயைப் பார்த்து "தேரை மோந்துவிட்டது" என்று பழி போடுவதும் அதன் மேல்தான். அது தென்னங்குருத்தில் ஒண்டுவது ஈரத்துக்காக, தேங்காயோடு அதற்கு ஒரு வம்பும் இல்லை. மாணவர்களின் வீட்டில் என்ன பெயர் வழங்குகிறது என்று கேட்டு அதையும் நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

பிறகு ஒவ்வொரு குரலுக்கும் ஒரு எண் கொடுங்கள். ஒன்றும் கேட்கவில்லை என்றால் 0. ஒவ்வொரு தவளையையும் தனித்தனியாக எண்ண முடிந்தால் 1. குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் ஓரளவு எண்ண முடிந்தால் 2. இடைவெளியே இல்லாத கூட்டுக் கச்சேரி என்றால் 3. உலகின் பல இடங்களில் தவளைக் கணக்கெடுப்பில் இதே போன்ற அளவுகோல்தான் புழங்குகிறது. கூடவே நேரம், காற்றின் வெப்பம், கடைசியாக எப்போது மழை பெய்தது என்பதையும் எழுதுங்கள். கைப்பேசியில் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்துகொண்டால், வயல் தவளைகளைப் பிரிக்க உதவும். அவற்றில் சில வகைகள் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கும், குரலில்தான் வேறுபடும்.

4. கண்

டார்ச்சைக் கண்ணுக்கு அருகில், கண் மட்டத்தில் பிடியுங்கள். அப்போதுதான் அவற்றின் கண்ணில் பட்ட ஒளி உங்களுக்குத் திரும்பி வரும். புல்லில் பச்சை வைரம் போலப் பொடிப்பொடியாக மின்னினால் சிலந்தி. அதை நம்பி ஓடாதீர்கள்.

ஒரு தவளை கிடைத்ததும் இரண்டடி தள்ளி உட்கார்ந்து, அது எப்படி மூச்சு விடுகிறது என்று பாருங்கள். நம்மைப் போல நெஞ்சு விரியாது. தொண்டையின் அடிப்பாகம் மட்டும் ஏறி இறங்கும். அதற்கு விலா எலும்புக் கூடு இல்லை, வாயைப் பம்பு மாதிரி வைத்துத்தான் காற்றைத் தள்ளுகிறது. ஈசலைப் பிடித்து விழுங்கும்போது கண்ணை மூடும் பாருங்கள், கண் விழிகள் உள்ளே அமுங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ள உதவுகின்றன. மெழுகுத் தட்டில் இந்த இரண்டையும் யாராலும் காட்டியிருக்க முடியாது.

முட்டைகளையும் தேடுங்கள். இரட்டைச் சரமாக, மணிமாலை போல நீளமாகக் கிடந்தால் சொறித்தவளை இட்டது. தண்ணீருக்கு மேலே தொட்டிச் சுவரிலோ இலையிலோ சோப்பு நுரை மாதிரி ஒட்டியிருந்தால் மரத்தவளையின் கூடு. பெண் தவளை பின்னங்கால்களால் கடைந்து கடைந்து செய்த நுரை அது. சில நாளில் தலைப்பிரட்டைகள் அதிலிருந்து நேராகத் தண்ணீரில் விழும். தண்ணீர்த் தொட்டியைக் கழுவ வரும் ஊழியரிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லிவைப்பது உங்கள் பொறுப்பு. நான் இதைச் சொல்ல மறந்த ஒரு ஆண்டு, காலையில் போய்ப் பார்த்தபோது சுவர் பளிச்சென்று இருந்தது.

5. கை

அனுமதி இருந்தால் மட்டும் இந்தப் படி.

முதல் முறை ஒரு மரத்தவளையை ஆசையாகக் கையில் எடுத்தேன். கொசுக் களிம்பு தடவிய கை. அது துடித்ததை இன்னும் மறக்க முடியவில்லை. தவளைக்குத் தோல் வெறும் போர்வையில்லை, தோல் வழியாகவும் அது மூச்சு விடும், நீர் குடிக்கும். நம் கையில் இருக்கும் களிம்பு, சானிடைசர், சோப்பு எல்லாம் அதன் உடம்புக்குள் போகும். அன்றிலிருந்து கொசுவுக்கு முழுக்கைச் சட்டைதான், களிம்பு கிடையாது.

வெறும் தண்ணீரில் நன்றாகக் கழுவிய ஈரக் கை, அல்லது மாவு பூசாத நைட்ரைல் கையுறை. இடுப்பையும் தொடைகளையும் தாங்கி மெதுவாகப் பிடியுங்கள். ஒரு தவளைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஜோடி சேர்ந்திருப்பவற்றைத் தொடவே கூடாது.

அந்த ஒரு நிமிடத்தில் ஒருவர் பிடிக்க, இன்னொருவர் அளக்க, மூன்றாமவர் எழுதட்டும். மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துளை வரை வெர்னியர் அளவுகோலால் மில்லிமீட்டரில் அளவு. பிறகு விரல்கள்: நுனியில் வட்டத் தட்டு இருந்தால் ஏறுகிறவன், விரல்களிடையே நிறையச் சவ்வு இருந்தால் நீந்துகிறவன், குதிகாலில் மண்வெட்டி போல ஒரு கடின முண்டு இருந்தால் மண்ணைத் தோண்டிப் பின்பக்கமாகப் புதைகிறவன். வாழ்க்கை முழுவதையும் காலிலேயே எழுதி வைத்திருக்கும்.

சொறித்தவளையைத் தொட்டால் சொறி வராது. ஆனால் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் சுரப்பியின் பால் உங்கள் கண்ணில் பட்டால் எரியும். எந்தத் தவளையைத் தொட்டிருந்தாலும் கடைசியில் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். எடுத்த இடத்திலேயே விட வேண்டும், பக்கத்துக் குட்டையில் கூட விடக் கூடாது. 1990-களின் இறுதியில் அடையாளம் காணப்பட்ட கைட்ரிட் என்ற பூஞ்சை பல கண்டங்களில் தவளைகளை அழித்திருக்கிறது. அது ஈரச் சேற்றோடு பயணிக்கும். பூட்ஸைத் தேய்த்துக் கழுவி, வெயிலில் முழுக்கக் காயவைத்த பிறகே அடுத்த ஏரிக்குப் போங்கள்.

6. மறுநாள் பகலில் ஊர்வன

இரவு தவளைக்கு, பகல் ஓணானுக்கு. வேலி மேல் கழுத்துச் சிவந்த ஆண் ஓணான் பத்து நிமிடத்தில் எத்தனை முறை தண்டால் எடுக்கிறது, எதைப் பார்த்து எடுக்கிறது என்று எண்ணுங்கள். அரணை எந்த நேரத்தில் வெயிலுக்கு வருகிறது என்று குறியுங்கள். தொட வேண்டிய தேவையே இல்லை.

பாம்பில் கைவைத்துப் படிக்க ஒரே வழி, அது உரித்துப் போட்ட சட்டை. கல்லடுக்கின் ஓரம் கிடக்கும். பாம்பு காலுறையைக் கழற்றுவது போல உரிப்பதால் உள்பக்கம் வெளியே இருக்கும், இழுபட்டுப் பாம்பின் நீளத்தைவிடக் கூடுதலாகவும் இருக்கும். தலைப் பக்கம் கண் இருந்த இடத்தில் கண்ணாடித் துண்டு போல ஒரு மூடி தெரியும். பாம்புக்கு இமை கிடையாது, இதுதான் அதன் காப்பு.

இப்போது எண்ணுங்கள். உடம்பின் நடுப்பகுதியில், அகலமான வயிற்றுச் செதிலை விட்டுவிட்டு, அதன் ஒரு பக்கத்தில் தொடங்கிச் சாய்வாக முதுகு ஏறி மறுபக்கம் இறங்குங்கள். வழவழப்பான செதில்கள், 16 அல்லது 17 வரிசை என்றால் சாரையாக இருக்கலாம். ஒவ்வொரு செதிலின் நடுவிலும் வரப்பு மாதிரி கோடு, 19 வரிசை என்றால் தண்ணீர்ப் பாம்பாக இருக்கலாம். வரப்போடு 27 அல்லது அதற்கு மேல் என்றால் கண்ணாடி விரியனாக இருக்கலாம். முதுகு நடுவில் ஒரு வரிசை மட்டும் பெரிய அறுகோணங்களாக இருந்தால் கட்டுவிரியன். அந்தக் கல்லடுக்கில் இனிமேல் வெறுங்கையை விடாதீர்கள். எண்ணி, படம் எடுத்து, சட்டையை அங்கேயே விட்டுவிடுங்கள். ஆய்வகத்தில் வைக்க ஆசை என்றால் வனத்துறையிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

உயிருள்ள நாகத்தையும் விரியனையும் பார்க்க, கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலிக்கு மாணவர்களை அழைத்துப் போங்கள். 1976-இல் தொடங்கிய முதலைப் பண்ணைக்குள், 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. ஒரு காலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்த சமூகம், சட்டம் அதைத் தடுத்த பிறகு, உயிரோடு பிடித்து நஞ்சு எடுத்துத் திரும்பக் காட்டில் விடுகிறது. விடும் முன் வயிற்றுச் செதிலில் அடையாளம் இடுவார்கள், அதே பாம்பு சீக்கிரமே மறுபடி பிடிபட்டால் தெரிவதற்காக. நாட்டில் தயாராகும் விஷமுறிவு மருந்துக்கான நஞ்சில் பெரும்பகுதி இவர்கள் கையால் வருவது. இச்சமூகத்தைச் சேர்ந்த வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

போகும்போது நீங்கள் எடுத்த பாம்புச் சட்டைப் படங்களைக் கொண்டுபோங்கள். செதில் எண்ணிக்கையைச் சொல்லாமல், "ஐயா, இது எதோட சட்டை?" என்று அங்கே இருக்கும் பெரியவரிடம் கேட்டுவிட்டு, அவர் எதைப் பார்த்துச் சொல்கிறார் என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.