ஐஸ்லாந்து அருவிகளுக்கு கேம்பர் வேனில்: வரைபடத்துக்கு முன் காற்றைப் பாருங்கள்

ஐஸ்லாந்தைச் சுற்றிவரும் 1-ஆம் எண் சாலையின் நீளம் சுமார் 1,320 கி.மீ. தூரத்தை மட்டும் பார்த்தால் 5 நாளில் முடித்துவிடலாம் என்று தோன்றும். முடிக்கலாம்தான், ஆனால் எந்த அருவிக்கும் ஏறிப்போக நேரம் இருக்காது. 10 நாளாவது ஒதுக்குங்கள், அதில் 2 நாளைக் காலியாக வையுங்கள். காற்று அடிக்கும் நாளில் வண்டியை எடுக்காமல் இருக்க அவை வேண்டும். மொத்தமே ஒரு வாரம்தான் என்றால் முழுச் சுற்றை விட்டுவிட்டு, தெற்குக் கரையோரம் யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி வரை போய்த் திரும்புவதே மேல். ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் கடைசிவரை நல்ல காலம். செப்டம்பர் பாதிக்குப் பிறகு பல முகாம்களை மூடிவிடுவார்கள்.

வண்டிக்கு வருவோம். இங்கே சொல்லும் அருவிகள் எல்லாவற்றுக்கும் கோடையில் சாதாரண இருசக்கர இயக்க (2WD) வேன் போதும். எண்ணுக்கு முன்னால் ‘எஃப்’ எழுத்து உள்ள மலைச்சாலைகளில் மட்டும் நான்கு சக்கர இயக்கம் சட்டப்படி கட்டாயம். வாடகைக் காப்பீட்டைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். காற்றில் கதவு முறிவதும், ஆற்றில் இறக்கி வண்டி கெடுவதும் பெரும்பாலும் அதில் சேராது. மணல், சாம்பல் சேதத்துக்கான காப்பீட்டைத் தனியாக வாங்க வேண்டியிருக்கும். வண்டியை வாங்கும்போதே கதவுக் கீல்களையும் முன்கண்ணாடியையும் கிட்டத்தில் படமெடுத்து வையுங்கள்.

கீல் ஏன் முக்கியம்? முன்கதவின் கீல் முன்பக்கம் இருக்கிறது. பின்னாலிருந்து காற்று வீசும்போது கதவை இரண்டு விரல் அளவு திறந்தாலே போதும், காற்று உள்ளே புகுந்து அதைப் பிடுங்கி முன்பக்கமாக மடக்கிவிடும். கீலோடு சேர்ந்து பக்கத் தகடும் நசுங்கும். அதனால் நிறுத்தும்போது வண்டியின் மூக்கு காற்றைப் பார்த்து இருக்கட்டும். அப்போது காற்றே கதவை மூடும் பக்கமாகத் தள்ளும். ஒரு கையால் கைப்பிடியையும் மறுகையால் கதவின் விளிம்பையும் பிடித்துத் திறங்கள். இருபக்கக் கதவுகளையும் ஒரே நேரத்தில் திறக்கவே கூடாது.

முன்னறிவிப்பில் காற்று விநாடிக்கு இத்தனை மீட்டர் என்றுதான் வரும். 3.6-ஆல் பெருக்கினால் மணிக்குக் கி.மீ. கிடைக்கும்: 15 என்றால் 54, 20 என்றால் 72. உயரமான வேனுக்கு 15-ஐத் தாண்டினாலே வேகத்தைக் குறைத்து, இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடிக்க வேண்டும். 20 என்றால் முகாமிலேயே இருங்கள். சராசரியைவிட திடீர் வீச்சின் எண்தான் ஆபத்தைச் சொல்லும். மலைச்சுவர் முடிந்து வெளி தொடங்கும் இடங்களில், முக்கியமாகத் தென்கிழக்கில் ஸ்காஃப்டாஃபெல்லுக்கும் யோகுல்சார்லோனுக்கும் இடையில், அது வண்டியை அடுத்த தடத்துக்கே தள்ளக்கூடியது. காலையில் வானிலைத் துறையின் தளம், அடுத்து சாலைத் துறையின் தளம், அதற்குப் பிறகு கிளம்புவதா வேண்டாமா என்ற முடிவு; இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

சாலையில் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ஊருக்குள் 50, சரளையில் 80, தாரில் 90 கி.மீ. உச்சவரம்பு. பகலிலும் முகப்பு விளக்கு எரிய வேண்டும். இருதட ரவுண்டானாவில் உள்தடத்தில் இருப்பவர் வெளியேற வெளித்தடத்தில் இருப்பவர் வழிவிட வேண்டும். மற்ற நாடுகளில் ஓட்டியவர்கள் தடுமாறுவது இங்கேதான். ‘ஐன்பிரெய்த் ப்ரூ’ என்ற பலகை வந்தால் முன்னால் ஒற்றை வண்டிப் பாலம். முதலில் வந்தவர் முதலில் போவார். தார் முடிந்து சரளை தொடங்கும் இடத்துக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். 90-இல் சரளையில் இறங்கி பிரேக்கை மிதித்தால் வண்டி வழுக்கிப் புரளும். ஆளில்லாத பெட்ரோல் பம்புகளில் பின் (PIN) எண் உள்ள கார்டு வேண்டும். வடக்கில் மிவாத்ன் ஏரியிலிருந்து கிழக்கே எகில்ஸ்ஸ்டாதிர் ஊர் வரை 160 கி.மீ.-க்கு மேல் வெறும் மேட்டுநிலம். டேங்கை நிரப்பாமல் கிளம்பாதீர்கள்.

இரவில் சாலையோரத்திலோ அருவி பார்க்கிங்கிலோ வேனில் தூங்கக் கூடாது. முகாமுக்குப் போக வேண்டும், இல்லையென்றால் நில உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும். டீசல் ஹீட்டர் நடுராத்திரியில் நின்றுபோனால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்: பகலில் அதிகம் ஓட்டாமல், இரவில் போன், லேப்டாப் எல்லாம் சார்ஜ் போட்டிருப்பீர்கள். பல வண்டிகளில் டீசல் கால் டேங்குக்குக் கீழே இறங்கினாலும் ஹீட்டர் நின்றுவிடும், ஏனென்றால் அதன் குழாய் டேங்கின் அடிவரை போகாது. குளிருக்காகச் சமையல் அடுப்பை எரிய விடாதீர்கள். கார்பன் மோனாக்சைடு வாசனையே இல்லாமல் கொல்லும். வெறும் பியூட்டேன் சிலிண்டர் 0 டிகிரிக்கு அருகில் எரிய மறுக்கும். புரொப்பேன் கலந்ததை வாங்குங்கள். காற்று படாத பக்கத்து ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வைத்தால் காலையில் மெத்தை ஈரமாகாது.

இனி அருவிகள். தெற்கில் செல்யாலண்ட்ஸ்ஃபாஸ்: 60 மீட்டர். அதன் பின்னால் நடந்து சுற்றிவர நீர்புகாத மேல்சட்டையும் கால்சட்டையும் வேண்டும், ஜீன்ஸ் நனைந்தால் அன்று முழுக்கக் காயாது. கோடையில் மாலை 8 மணிக்கு மேல் போங்கள்: பேருந்துக் கூட்டம் போயிருக்கும், தாழ்ந்த வெயில் நீர்த்திரைக்குள் புகுந்து உள்சுவரைப் பொன்னாக்கும்.

ஸ்கோகாஃபாஸில் பலரும் படியேறி மேலிருந்து படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பெரிய இழப்பு அது! படி முடியும் இடத்தில் வேலியைத் தாண்டினால் ஸ்கோகா ஆற்றோரப் பாதை தொடங்கும். திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு அருவி. 3 அல்லது 4 கி.மீ. போய்த் திரும்பினாலும் நிறைவுதான். நடைபாலம் வரை போனால் ஒருபக்கம் சுமார் 8 கி.மீ. அதற்கு மேல் கணவாய். ஜூலையிலும் பனி கிடக்கும், போதிய தயாரிப்பு இல்லாமல் ஏற வேண்டாம். விளிம்புப் புல்லை நம்பாதீர்கள். அடியில் மண் அரித்துப்போய் வெறும் புல் மட்டும் தொங்கும் இடங்கள் உண்டு. பாசியையும் மிதிக்காதீர்கள், மீண்டும் வளர பல பத்தாண்டுகள் ஆகும்.

கிழக்கில் ஹெங்கிஃபாஸ்: 128 மீட்டர், ஒருபக்கம் 2.5 கி.மீ. ஏற்றம். சிவப்பு மண்பட்டைகள் குறுக்கே ஓடும் பாறைச்சுவர் அது. பாதி வழியில் லிட்லனெஸ்ஃபாஸின் கல்தூண்களுக்கும் நேரம் வையுங்கள். வடக்கில் டெட்டிஃபாஸுக்கு மேற்குப்பக்க 862-ஆம் சாலையில் போங்கள், அது தார்ச்சாலை. கிழக்குப்பக்க 864 சரளை, வேனில் சாமான்கள் குலுங்கிக் கொட்டும். ஆற்றை எதிர்த்து இன்னும் கொஞ்சம் நடந்தால் செல்ஃபாஸ், கூட்டமும் குறைவு.

மேற்கில் 198 மீட்டர் கிளிமுர் அருவிக்கு ஆற்றைக் கடக்க வேண்டும். கோடையில் மட்டுமே கட்டை போட்டிருப்பார்கள். முழுச் சுற்று சுமார் 7 கி.மீ., 3 முதல் 4 மணி நேரம். மேலே இரண்டாவது முறை ஆற்றில் இறங்கி நடக்கப் பிடியுள்ள பழைய காலணி எடுத்துப்போங்கள். மழை பெய்திருந்தால் மேலே கடக்க வேண்டாம், வந்த பாதையிலேயே இறங்குங்கள். கிளம்பும் முன் அவசர உதவிக்கான 112 செயலியைப் போனில் நிறுவி, திரும்பும் நேரத்தை யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.