பேட்டரி ஜிபிஎஸ் ட்ராக்கர வண்டில மாட்டுறவங்க பண்ற தப்புங்க

எங்க அண்ணன் சரக்கு வேன் ஒன்னு வச்சிருக்காரு, வயரிங்ல கை வைக்க வேணாம், காந்தத்த ஒட்டிட்டு போயிடலாம்னு அதுக்கு ஒரு பேட்டரி ஜிபிஎஸ் ட்ராக்கர் வாங்கினோம். டப்பால 60 நாள் சார்ஜ் நிக்கும்னு போட்டிருந்துச்சு, ஆறே நாள்ல ஆஃப் ஆயிடுச்சு. ஏமாத்திட்டாங்கன்னு தான் முதல்ல நெனச்சோம், அப்புறம் செட்டிங்ஸ திறந்து பாத்தா 30 செகண்டுக்கு ஒரு தடவை லொகேஷன் அனுப்புற மாதிரி நாங்களே தான் வச்சிருக்கோம்.

நிறைய பேர் பண்ற தப்பு இதுதான். வண்டி பேட்டரில கனெக்ட் பண்ற ட்ராக்கர் எப்பவும் முழிச்சிட்டே இருக்கும், ஆனா இது அப்படி இல்ல, பெரும்பாலும் தூங்கிட்டு தான் இருக்கும், நடுவுல எழுந்து சாட்டிலைட்ட தேடி, இடத்த கண்டுபிடிச்சு, சிம் வழியா அனுப்பிட்டு மறுபடி தூங்கப் போயிடும். சார்ஜ் எல்லாம் அந்த எழுந்திரிக்கிற வேலைக்கு தான் போகுது. 30 செகண்டுக்கு ஒரு தடவைன்னா ஒரு நாளைக்கு 2880 தடவை, மணிக்கு ஒரு தடவைன்னா வெறும் 24, எவ்ளோ வித்தியாசம் பாருங்க. டப்பால போடுற நாள் கணக்கு பெரும்பாலும் ரொம்ப கம்மியா அனுப்புற மோடுக்கு போட்ட கணக்கு. அதனால வாங்கறப்போ எத்தன நாள்னு மட்டும் கேக்காதீங்க, எத்தன நிமிஷத்துக்கு ஒரு தடவை அனுப்பினா எத்தன நாள்னு கேளுங்க. அசைவு சென்சார் இருந்தா ரொம்ப நல்லது, வண்டி ஓடுறப்போ அடிக்கடியும் நிக்கிறப்போ நாளைக்கு ஒன்னு ரெண்டு தடவையும் அனுப்பினா போதும்.

எங்க ஒட்டுறோம்ங்கறதும் சார்ஜோட சம்பந்தப்பட்ட விஷயம் தான், எனக்கே இது லேட்டா தான் புரிஞ்சுது. ஜிபிஎஸ் சாட்டிலைட் எல்லாம் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்துது, அங்கேர்ந்து வர்ற சிக்னல் ரொம்ப ரொம்ப வீக்கா இருக்கும், இடத்த சரியா சொல்ல குறைஞ்சது 4 சாட்டிலைட் தெரியணும். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட பாதை விவரத்த 30 செகண்டுக்கு ஒரு தடவை திருப்பி திருப்பி சொல்லிட்டு இருக்கும், ஒரு தடவை கேட்டா அது ஏறக்குறைய 4 மணி நேரத்துக்கு செல்லும், அதுக்கு மேல தூங்கி எழுந்தா மறுபடி முழுசா கேக்கணும் (சில மாடல் இத மொபைல் நெட்வொர்க்லேர்ந்து எடுத்துக்கும், அது சீக்கிரம் முடிச்சிடும்). இப்போ இரும்புப் பெட்டிக்குள்ள போட்டு பூட்டி வச்சிருந்தீங்கன்னா அது ஒழுங்கா காதுல விழாது, தேடிட்டே இருக்கும், சார்ஜும் போகும் லொகேஷனும் வராது. சீட்டுக்கு அடியில, டேஷ்போர்டுக்குள்ள, பிளாஸ்டிக் பம்பருக்கு பின்னாடின்னு மேல தகரம் மூடாத இடமா பாருங்க.

சைலன்சர் பக்கம், இஞ்சின் பக்கம் ஒட்டவே கூடாது. லித்தியம் பேட்டரிக்கு சூடு ஆகாது, அதோட ட்ராக்கர்ல இருக்கிற இந்த நியோடிமியம் காந்தம் (சின்னதா இருந்தாலும் பலமா ஒட்டுற வகை) இருக்கே, சாதாரண ரகம் 80 டிகிரி தாண்டினா புடிப்ப இழக்க ஆரம்பிச்சிடும், ஓடுற வண்டிலேர்ந்து கழண்டு விழுந்தா தேடிப் போக வேண்டியது தான். அலுமினியத்துல காந்தம் ஒட்டவே ஒட்டாது. டப்பால ஐபி67ன்னு (தூசி, தண்ணி உள்ள போகாதுங்கற தர அளவு) போட்டிருந்தா தைரியமா வாட்டர் சர்வீஸ் விடுறாங்க, அந்த டெஸ்ட் 1 மீட்டர் தண்ணில 30 நிமிஷம் முக்கி வச்சு பண்றது, பிரஷர்ல பீச்சி அடிக்கிறதுக்கு அது கேரண்டி கிடையாது.

சிம் விஷயத்துல சின்ன சின்ன தப்பு நிறைய. சிம்முக்கு போட்டிருக்கிற பின் நம்பர் லாக்க எடுக்காம போடுறது, ஏபிஎன் (சிம் இன்டர்நெட்ல சேர்றதுக்கான செட்டிங்) செட் பண்ணாம விடுறது, ரீசார்ஜ் தேதிய மறந்துடறது. விலை கம்மியா கிடைக்குதேன்னு 2ஜி மட்டும் எடுக்கிற மாடல வாங்குறதும் தப்பு, சிங்கப்பூர்ல 2017லயே 2ஜிய மூடிட்டாங்க, மத்த பல நாட்டுலயும் மூடிட்டே வர்றாங்க.

அடுத்தது மேப்ல தெரியுற புள்ளி. அத பாத்ததும் வண்டி இப்போ அங்க நிக்குதுன்னு முடிவு பண்ணிடறோம், ஆனா அது கடைசியா எழுந்தப்போ இருந்த இடம் தான், பக்கத்துல இருக்கிற நேரத்த பாக்காம புள்ளிய மட்டும் நம்பாதீங்க. சாட்டிலைட் கிடைக்கலன்னா சில டிவைஸ் மொபைல் டவர வச்சு ஒரு குத்துமதிப்பா சொல்லும், அது நூத்துக்கணக்கான மீட்டர், சில சமயம் கிலோமீட்டர் கணக்குல தள்ளிக் காட்டும், அத நம்பி டிரைவர்கிட்ட சண்டைக்கு போயிடாதீங்க ப்ளீஸ். உயரமான கட்டடங்களுக்கு நடுவுல சிக்னல் சுவத்துல பட்டு திரும்பி வர்றதால நிக்கிற வண்டியே நகர்ற மாதிரி தெரியும். இதுல வண்டிய சுத்தி 20 மீட்டர்ல எல்லைக்கோடு போட்டு, அத தாண்டினா அடிக்கிற மாதிரி அலாரம் வச்சா ராத்திரி பூரா அடிக்கும், ரெண்டு நாள்ல நீங்களே அத மியூட் பண்ணிடுவீங்க, நெஜமாவே வண்டி போறப்போ சத்தம் வராது. 200 மீட்டர் மாதிரி வைங்க.

பாஸ்வேர்ட் மாத்தாம விடுறது ரொம்ப ஆபத்து. 2019ல ஆன்டிவைரஸ் பண்ற அவாஸ்ட் கம்பெனிக்காரங்க பிள்ளைங்க, வயசானவங்களுக்கு மாட்டுற ட்ராக்கருங்கள ஆராய்ச்சி பண்ணப்போ சுமார் 6 லட்சம் டிவைஸ் 123456ங்கற ஆரம்ப பாஸ்வேர்டோடவே இருந்துச்சு. உங்க வண்டி எத்தன மணிக்கு வீட்ட விட்டு கிளம்புதுன்னு முன்னப்பின்ன தெரியாதவன் பாத்துட்டு இருந்தா எப்படி இருக்கும், யோசிச்சு பாருங்க.

இன்னொன்னு, உங்க வண்டிக்கு மட்டும் மாட்டுங்க. மனைவி, கணவன், பிரிஞ்சு போனவங்க, யாரா இருந்தாலும் அவங்க வண்டில தெரியாம ஒட்டுறது அவங்க வாழ்க்கைய வேவு பாக்கறது, பல நாட்டுல இது குற்றம், எனக்கு இதுல ரெண்டாவது கருத்தே இல்ல. சொந்த வண்டியா இருந்தாலும் ஓட்டுற டிரைவர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. ஜிபிஎஸ்க்கு பதிலா ப்ளூடூத் டேக் (சாவில, பைல மாட்டுற சின்ன வில்லை) போடுறவங்களுக்கும் ஒன்னு சொல்லணும், அதுல ஜிபிஎஸ்ஸே கிடையாது, பக்கத்துல யாரோட போனாவது இருந்தா தான் இடம் தெரியும், அதுவும் 2024 மே மாசத்துலேர்ந்து ஆப்பிள், ஆண்ட்ராய்டு ரெண்டு போனும் கூடவே வர்ற அந்நிய டேக்க கண்டுபிடிச்சு எச்சரிக்கை குடுக்குது, அதனால திருடனுக்கும் தெரிஞ்சிடும்.

வண்டி காணாம போயிட்டா பதட்டத்துல எல்லாரும் பண்றது, உடனே 10 செகண்ட் மோடுக்கு மாத்துறது. சார்ஜ் 20 சதவீதம் தான் இருக்குன்னா சில மணி நேரத்துல டிவைஸ் அணைஞ்சிடும், அப்புறம் ஒன்னுமே தெரியாது. வண்டி ஓடுற வரைக்கும் ரெண்டு மூணு நிமிஷத்துக்கு ஒன்னு, எங்கயாவது நின்னுட்டா 15 நிமிஷத்துக்கு ஒன்னு போதும், அந்த லைவ் லிங்க்க போலீஸ்கிட்ட குடுங்க, நீங்க தனியா தேடிட்டு போகாதீங்க. அப்புறம் நாளைக்கு ஒரு தடவை மோடுல வச்சிருந்தா நீங்க அனுப்புற புது கமாண்ட் அது அடுத்து எழுந்திரிக்கிறப்போ தான் போய் சேரும், அதுக்குள்ள வண்டி ஊரத் தாண்டியிருக்கும், அதான் அசைவு தெரிஞ்சா தானா முழிக்கிற செட்டிங்க இன்னிக்கே ஆன் பண்ணி, வண்டிய ஒரு ரவுண்டு ஓட்டி, நெஜமா முழிக்குதான்னு பாத்துடுங்க.